நிலாவைக் காட்டும் விரல்

(நமது ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடுகிறோம்.)



வேலை நாளாயிருந்தும், பட்டறையையும் கடையையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு இத்தனை பேர் கூடி வந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் நம்முடைய ஆதரவாளர் ஒருவர் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் இன்று இந்த மண்டபத்திலே இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய பேரனுக்கு ஆட்டிசம். வெளிநாட்டிலே இருக்கும் மகளின் வீட்டுக்குப் போனபோது, அங்கே ஒரு சிகிச்சை நிலையத்தில் ஒரு சிறு ரோபோ அந்தப் பிள்ளையோடு விளையாடுவதைக் கண்டிருக்கிறார். யாரையும் ஏறெடுத்துப் பாராத பிள்ளை அந்தப் பொம்மையைப் பார்த்துச் சிரித்ததாம். "நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று வாங்கி வையுங்கள், முழுச் செலவும் என்னுடையது" என்று எழுதியிருந்தார்.

குழுவினர் இதைக் குறித்து விசாரித்துச் சொல்லும்படி என்னை நியமித்தார்கள். நான் மருத்துவனல்ல, பொறியியல் படித்தவனுமல்ல. எனக்குத் தெரிந்த இயந்திரம் என் பழைய ஸ்கூட்டர் ஒன்றுதான். ஆனாலும் குழந்தைகள் பிரிவுக்கு வெளியே இருக்கிற அந்த நீள பெஞ்சில் தாய்மாரோடு அதிக நேரம் உட்கார்ந்திருப்பவன் நான்தான் என்பதால் என்னை நியமித்திருப்பார்கள் போலும். விசாரித்ததையும் படித்ததையும் கண்ணால் கண்டதையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். தீர்மானம் உங்களுடையது.

முதலாவது, ஆட்டிசம் என்பது என்ன? தமிழில் இதை மதியிறுக்கம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளின் மதி இறுகிப்போகவில்லை என்பதை அவர்களோடு பழகியவர்கள் அறிவார்கள். ஆகையால் நான் ஆட்டிசம் என்றே சொல்லுகிறேன்.

நம் வீடுகளில் அந்தி சாய்ந்ததும் தாய் பிள்ளையை இடுப்பிலே வைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். கிண்ணத்திலே சோறு இருக்கிறது. "அங்க பாரு சாமி, நிலா" என்று விரலை நீட்டுகிறாள். பிள்ளை முதலில் தாயின் விரலைப் பார்க்கிறது. பிறகு விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. பிறகு திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன் என்பதுதான் அந்தச் சிரிப்பு. சில மாதங்கள் கழித்து அந்தப் பிள்ளையே விரலை நீட்டிக் காக்கையைக் காட்டும், லாரியைக் காட்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைப் பார்க்கிற இந்தப் பழக்கத்திலிருந்துதான் பேச்சு பிறக்கிறது என்று வல்லுநர்கள் சொல்லுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கின்றன. ஆட்டிசமுள்ள பல பிள்ளைகளுக்கு இது இயல்பாக வருவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தண்ணீர் வேண்டுமானால் விரல் நீட்டிக் கேளாமல், நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொம்பின் மேல் வைக்கின்றன. சத்தமும் வெளிச்சமும் சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத வேதனையாயிருக்கின்றன. மாறாத ஒழுங்கும் திரும்பத் திரும்ப நிகழும் அசைவும் அவர்களுக்கு ஆறுதலாயிருக்கின்றன.

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் குறித்து எழுதிய கட்டுரையில்தான் இந்த நிலை முதன்முதலாகத் தெளிவாக விவரிக்கப்பட்டது. அதற்குப் பின் பல ஆண்டுகள் ஒரு கொடுமை நடந்தது. தாயின் அன்பு குளிர்ந்து போனதால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று படித்தவர்களே எழுதினார்கள். அது முழுத் தவறு. 1964-இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர், தாமே ஆட்டிசமுள்ள ஒரு மகனுக்குத் தகப்பனாயிருந்து, அந்தக் கருத்தை மறுத்து ஒரு நூல் எழுதினார். ஆட்டிசம் மூளையின் வளர்ச்சியைச் சேர்ந்தது, அதில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு, வளர்ப்பினால் வருவதல்ல என்பது இன்று உறுதியாகத் தெரிந்த உண்மை.

ஆனால் நம் பகுதியிலே அந்தப் பழி இன்னும் தீரவில்லை. மாமியார் சொல்லுவதும் பக்கத்து வீட்டார் சொல்லுவதும் என்ன? "நீ எந்நேரமும் போனப் பாத்துட்டு இருந்தா பையன் எப்படிப் பேசுவான்?" அல்லது, "எந்தப் பாவமோ!" யார் செய்த பாவம் என்கிற கேள்வி ஈராயிரம் வருடப் பழைய கேள்வி, அது அன்றே தள்ளப்பட்ட கேள்வி. அதைச் சபையாராகிய நாமே இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது வெட்கத்துக்குரியது.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன், நான் ஒரு கிராமச் சபையில் இளம் போதகராயிருந்தபோது, ஒரு தம்பதியர் மூன்று வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சில பிள்ளைகளுக்குப் பேச்சுத் தாமதமாக வரும், என் தம்பியே நாலு வயதிலேதான் பேசினான், ஜெபியுங்கள், பொறுமையாயிருங்கள்" என்றேன். அவர்கள் என் வார்த்தையை நம்பினார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் ஒரு மருத்துவரிடம் போனார்கள். ஜெபிக்கச் சொன்னது தவறல்ல. அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்பாமல் விட்டது தவறு. பிள்ளையின் மூளை வேகமாக வளருகிற அந்த மூன்று வருடங்களை நான் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகையால் இன்று ஒரு ஆர்வத்தில் எதையாவது சொல்லிவிட்டு, பின்னால் வருந்த எனக்கு மனதில்லை. இந்த ரோபோ விஷயத்தை நான் இவ்வளவு நிதானமாக விசாரித்ததற்குக் காரணம் அதுவே.

இனி ரோபோவுக்கு வருவோம். இது புதிதாக முளைத்த யோசனையல்ல. அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட் என்பவர் பிள்ளைகள் கணக்குப் படிப்பதற்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். அதன் கட்டளைப்படி தரையிலே ஊர்ந்து போகும் ஒரு சிறு இயந்திரம் உண்டு. அதற்கு ஆமை என்று பெயர். 1976-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சில்வியா வியர், ரிக்கி இம்மானுவேல் என்ற இருவர் அந்த ஆமையை ஆட்டிசமுள்ள 7 வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஓட்டக் கொடுத்தார்கள். தான் சொன்னபடி அது போவதைக் கண்ட பையன், அந்த மகிழ்ச்சியைப் பக்கத்திலிருந்தவர்களோடு பகிர்ந்துகொள்ளத் தொடங்கினான் என்று அவர்கள் எழுதி வைத்தார்கள்.

1998-இல் இங்கிலாந்தில் கெர்ஸ்டின் டவுட்டன்ஹான் என்ற அம்மையார் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கினார். 2005 முதல் ஹார்ட்ஃபோர்டுஷயர் பல்கலைக்கழகத்தில் காஸ்பர் என்ற ரோபோ உருவாயிற்று. சிறு பிள்ளையின் அளவு. பிள்ளைகள் போடுகிற சட்டையே போட்டிருக்கும். முகத்திலே அதிக பாவனை இல்லாதபடி வேண்டுமென்றே எளிமையாகச் செய்தார்கள். கன்னம், கை, பாதம் முதலிய இடங்களில் தொடுகையை அறியும் கருவிகள் உண்டு. மெதுவாகத் தொட்டால் மகிழும். அடித்தால் வலிக்கிறது என்று சொல்லும். மற்றப் பிள்ளையை அடித்தால் அதற்கு வலிக்கும் என்பதை, எந்தப் பிள்ளைக்கும் வலிக்காதபடி சொல்லிக்கொடுக்க இது ஒரு வழி.

ஜப்பானில் ஹிதேகி கொஜிமா என்பவர் கீப்பான் என்ற இன்னொன்றைச் செய்தார். இரண்டு மஞ்சள் பந்துகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தாற்போல, சாண் அளவுக்கும் குறைவான உயரம். கண்களிலே கேமரா, மூக்கிலே மைக். அது செய்வது மிகக் கொஞ்சம்: திரும்பிப் பார்க்கும், தலையாட்டும், குதித்து ஆடும். அவ்வளவுதான். முதலில் பிள்ளைகள் அதைத் தனியாகப் பார்த்தார்கள், தொட்டார்கள். நாட்கள் செல்லச் செல்ல, அது செய்ததைத் தாய்க்கும் ஆசிரியருக்கும் காட்ட ஆரம்பித்தார்கள். முன்பு நான் சொன்ன நிலாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் பந்து அங்கே ஒரு நிலாவாயிற்று.

மனிதர் முகத்தைப் பார்க்கத் தயங்கும் பிள்ளை ஏன் பொம்மையைப் பார்க்கிறது? நம் ஊர் வழியாக இதைச் சொல்லப் பார்க்கிறேன். நம் பிரிவுக்கு வரும் பையன் ஒருவன், வயது ஐந்து. ஊரைச் சொல்லவில்லை, தகப்பன் விசைத்தறி ஓட்டுகிறவர் என்று மாத்திரம் சொல்லுகிறேன். தாயிடம் அனுமதி பெற்றே இதைச் சொல்லுகிறேன். வீட்டிலே கரண்டி கீழே விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற அந்தப் பையன், நமக்குக் காதடைத்துப் போகும் தறிக்கூடத்திலே மணிக்கணக்காக நின்று, நாடா இங்குமங்கும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெற்றோருக்கு அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நம் தெரபிஸ்ட் அம்மாதான் விளக்கினார்: "கரண்டி எப்ப விழும்னு அவனுக்குத் தெரியாதுங்க ஐயா. நாடா எப்ப வரும்னு தெரியும்."

மனித முகம் அப்படியல்ல. ஒரு நொடியிலே புருவம், கண், வாய், குரல் எல்லாம் மாறுகின்றன. நமக்கு அது பழக்கம். அந்தப் பிள்ளைக்கு ஒரே சமயத்தில் பத்துப் பேர் பேசுவது போல. ரோபோ ஒரே விதமாகத் திரும்பும், ஒரே விதமாகப் பேசும், நூறு தரம் கேட்டாலும் சலிக்காது, கோபித்துக்கொள்ளாது. பயமில்லாமல் பழகிப் பார்க்க அது ஒரு படிக்கட்டு.

இது மெய்யாகவே பலன் தருகிறதா என்றும் பார்த்தேன். 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் ஸ்காசெல்லாட்டியும் அவர் கூட்டாளிகளும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசமுள்ள 12 பிள்ளைகளின் வீடுகளில் ஜிபோ என்ற ரோபோவை 30 நாட்கள் வைத்தார்கள். நாள்தோறும் 30 நிமிடம் பிள்ளையும் பெற்றோரும் அதனோடு சேர்ந்து விளையாடினார்கள். ஒன்றைச் சேர்ந்து பார்க்கும் திறன் பிள்ளைகளிடத்தில் கூடிற்று. பொம்மை இல்லாத வேளையிலும் பிள்ளைகள் மனிதரை நோக்கிப் பார்ப்பதும், தாங்களாகப் பேச்சைத் தொடங்குவதும் அதிகரித்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். இது சந்தோஷமான செய்தியே.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டுமல்லவா? பிள்ளைகள் 12 பேர் மாத்திரம். ஒப்பிட்டுப் பார்க்க, ரோபோ இல்லாமல் அதே விளையாட்டை ஆடிய இன்னொரு குழு இல்லை. ரோபோவை எடுத்துவிட்ட 30 நாட்களுக்குப் பின் அளந்தபோது பெற்றதில் ஒரு பகுதி குறைந்திருந்தது. இந்தத் துறையில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் இப்படிச் சிறியவை. மேலும், இப்படிப்பட்ட பல ரோபோக்கள் தாமாக இயங்குவதில்லை என்பதைப் படித்தபோது நான் வியந்தேன். கீப்பானைப் பல வேளைகளில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் பார்த்துப் பார்த்து இயக்கினார். நம் ஊர்ப் பொம்மலாட்டம் போலத்தான். திரைக்குப் பின்னால் பிள்ளைகளை நன்றாக அறிந்த ஒரு மனிதர் வேண்டும்.

இன்னொரு காரியம் என் மனதை அதிகமாக உறுத்திற்று. அந்த ஜிபோ வீடுகளுக்கென்று விற்கப்பட்ட பொருள். அதைச் செய்த நிறுவனம் நிலைக்கவில்லை; 2019-இல் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்த கணினிச் சேவையும் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கென்று செய்யப்பட்ட மாக்ஸி என்ற வேறொரு ரோபோவுக்கு 2024 டிசம்பரில் இதே கதி வந்தது; அதைச் செய்த நிறுவனம் தான் மூடப்படுவதாக அறிவித்தது. மாற்றத்தைத் தாங்க முடியாத பிள்ளையிடம் ஒரு தோழனைக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் காலையில் அது பேசாது என்று எப்படிச் சொல்லுவது? பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டியைப் பூட்டிவைத்த அலமாரிகள் நம் நாட்டில் ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

இதற்கு மேல், வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசமுள்ளவர்கள் சொல்லுவதையும் கேட்க வேண்டும். "எங்களைக் கண்ணோடு கண் பார்க்கும்படி வற்புறுத்தாதீர்கள், அது எங்களுக்கு வேதனை" என்ற கருத்தை அவர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகையால் பிள்ளையை மற்றவர்களைப் போல் நடிக்கப் பழக்குவது நம் நோக்கமாயிருக்கக் கூடாது. தனக்கு வேண்டியதைச் சொல்லவும், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லவும், தான் ரசிப்பதை இன்னொருவருக்குக் காட்டவும் அதற்கு ஒரு வழி கிடைக்க வேண்டும். அதுவே நோக்கம்.

அப்படிப்பட்ட வழி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே பிறந்திருக்கிறது. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் அம்மையார் தொடங்கிய வித்யா சாகர் நிறுவனத்தைப் பலர் அறிவீர்கள். அங்கே மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத பிள்ளைகளுக்காக, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் என்ற இளைஞர் ஆவாஸ் என்ற கருவியை உருவாக்கினார். ஆவாஸ் என்றால் இந்தியில் குரல். திரையிலே படங்கள் இருக்கும். பிள்ளை படத்தைத் தொட்டால் கருவி அந்தச் சொல்லைப் பேசும். 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பத்திரிகை, சிறந்த இளம் கண்டுபிடிப்பாளர்கள் வரிசையில் அவரைச் சேர்த்தது. பின்பு அது சாதாரண டேப்லெட்டில் போடக்கூடிய செயலியாயிற்று. ஆட்டிசமுள்ள பிள்ளைகள் ஏராளமானோர் அதைப் பயன்படுத்துகிறார்கள், தமிழிலும் பேசும். படத்தைத் தொடப் பழகினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்னொன்றும் கேளுங்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசமுள்ள 65 பிள்ளைகளோடு நடந்த ஒரு ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. அங்கே பயன்பட்ட கருவி என்ன? ஒரு வீடியோ கேமரா. பெரிய வல்லுநர்களல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே வீடுகளுக்குப் போனார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடங்கள் படம் பிடித்தார்கள். பிறகு தாயோடு உட்கார்ந்து அதைப் போட்டுக் காட்டினார்கள். "இங்கே பாருங்கள், பிள்ளை உங்களைப் பார்த்த நொடி இது, இங்கே நீங்கள் காத்திருந்தீர்கள், அது தானாக வந்தது" என்ற விதமாக எடுத்துக் காட்டினார்கள். பிள்ளையின் போக்கறிந்து தாய் தகப்பன் பதில் கொடுப்பது அதிகரித்தது. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் அதிகரித்தது. எல்லா அளவிலும் முன்னேற்றம் உண்டாயிற்று என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிற கைபேசியால் இதைச் செய்யலாம்.

இப்போது அந்தத் தறிக்காரர் மகனிடம் திரும்பி வருகிறேன். சென்ற ஆவணி மாதத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் நால்வர் தாங்கள் செய்த ஒரு பொம்மையை நம் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அட்டையால் செய்த ஒரு மைனா. உள்ளே ஒரு சிறு மோட்டார். பக்கத்திலிருக்கும் தகர டப்பாவைத் தட்டினால், தட்டிய தாளத்துக்குத் தலையாட்டும். மொத்தச் செலவு இரண்டாயிரத்துக்கும் குறைவு. முதல் நாள் ஒரு சிறுமி மோட்டார் சத்தம் பொறுக்காமல் அழுதாள். அவளை உடனே வெளியே அழைத்துப் போனோம். தறிக்காரர் மகனோ தூரத்திலே நின்று இருபது நிமிடம் பார்த்தான். நாலாம் நாள் அருகே வந்து தட்டினான். மைனா தலையாட்டிற்று. மறுபடியும் தட்டினான். அதன்பின் எழுந்து போய், பெஞ்சிலே உட்கார்ந்திருந்த தாயின் மோவாயைப் பிடித்து மைனாவின் பக்கம் திருப்பினான்.

அந்தத் தாய் என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லுகிறேன். "அஞ்சு வருசத்துல இன்னைக்குத்தானுங்க ஐயா அவன் எனக்கு ஒண்ணக் காட்டறான்." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

இதோடு நிறுத்தினால் அழகான சாட்சியாயிருக்கும். ஆனால் பின்னால் நடந்ததும் உண்டு. மாணவர்களுக்குப் பரீட்சை வந்தது. மைனாவின் கழுத்துக் கம்பி அறுந்துபோயிற்று. பையன் மூன்று வாரம் அந்தத் தகர டப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தரையிலே படுத்துக்கொண்டான். அப்போது அவனுக்குக் கைகொடுத்தவர் தெரபிஸ்ட் அம்மா. தாயை அழைத்து, "வீட்டுல தறிக்குப் பக்கத்துல அவன் நிக்கும்போது நீங்களும் போய் நில்லுங்க. அவன் பாக்கறத நீங்களும் பாருங்க. நாடா வரும்போது 'வந்துருச்சு'ன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். தாய் தினமும் கால்மணி நேரம் அப்படி நின்றார். அதைத் தகப்பன் போனிலே படம் பிடித்து வந்து காட்டினார். ஆறாவது வாரத்துப் படத்தில், நாடா வருமுன்னே பையன் தாயின் முகத்தைப் பார்க்கிறான். அவர் சொல்லப்போகும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறான். பேச்சு இன்னும் வரவில்லை. வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுத்து ஒரு தரம் குற்றவாளியானவன் நான். ஆனால் காத்திருக்க அவனுக்கு ஒருவர் உண்டு.

ஆகையால் குழுவுக்கு நான் கொடுத்த ஆலோசனை இது. வெளிநாட்டு ரோபோ வாங்குவதை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். அது வீண் என்பதற்காக அல்ல. அதைப் பிடித்து நடத்தும் கை நம்மிடம் போதவில்லை என்பதற்காக. நம் பிரிவில் ஒரே ஒரு தெரபிஸ்ட் இருக்கிறார். பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். முதலாவது, இரண்டாவது தெரபிஸ்ட் ஒருவருக்கு ஊதியம். இரண்டாவது, தமிழ் பேசும் படச் செயலியோடு சில டேப்லெட்டுகள். அவற்றைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க நேரம். மூன்றாவது, வழிச்செலவு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மெய்தான். ஆனால் தாராபுரத்திலிருந்தும் கோபியிலிருந்தும் வருகிற தாய்க்கு அது உதவாது. அவர் இழக்கும் ஒரு நாள் கூலியையும் யாரும் கொடுப்பதில்லை. நான்காவது, அந்த மாணவர்களின் மைனாவைப் போன்ற எளிய பொம்மைகளுக்குச் சிறு தொகை. இந்தக் கோயமுத்தூர் 1930-களிலேயே மின்மோட்டார் செய்த ஊர். பம்புசெட்டும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர். கம்பி அறுந்தால் மாற்றவும் மோட்டார் எரிந்தால் சுற்றவும் இங்கே தெருவுக்கொருவர் இருக்கிறார். எந்தத் தூர தேசத்து நிறுவனம் மூடினாலும் நம் மைனா ஊமையாகாது.

ஆதரவாளரிடம் இதை நேரிலேயே போய்ச் சொன்னேன். அவர் பட்டறையிலிருந்து உழைத்து மேலே வந்தவர். நெடுநேரம் பேசாமலிருந்தார். "ஒரு சாமானை வாங்கி வெச்சா கண்ணுக்குத் தெரியுமுங்க ஐயா. சம்பளம் குடுத்தா என்ன தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெயர் பொறிக்க ஒரு பலகைகூட இருக்காது. என்னிடம் பதில் இல்லை. அந்தத் தகப்பன் எடுத்த வீடியோவை மாத்திரம் காட்டினேன். இரண்டு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். தம் தீர்மானத்தை அவரே இன்று உங்களுக்குச் சொல்லட்டும்.

பணமில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டை பெறப் பெற்றோருக்கு வழிகாட்டுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு; பலருக்கு அது தெரியாது. ஒன்றரை வயதாகியும் கூப்பிட்டால் திரும்பாத, விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளையை உங்கள் தெருவிலே கண்டால், "போகப் போகச் சரியாயிரும்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆட்டிசமில்லை என்று தெரிந்தால் மகிழலாம். உண்டென்று தெரிந்தால் காலம் வீணாகாது.

கடைசியாக ஒன்று. காந்திபுரம் பஸ் நிலையத்திலோ, கல்யாண வீட்டிலோ, ஆராதனை வேளையிலோ, ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், தாயைத் திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள். கொஞ்சம் விலகி இடம் கொடுங்கள். அந்தத் தாய்க்கு அன்று கிடைக்கும் உதவி அது ஒன்றாகவே இருக்கலாம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.